கருப்புத் துணிக்குள்ள ஒரு கார்த்திகை

பட்டுப்புழு முட்டையைப் பொரிக்க வைக்கிற தொழில்ல மொத நாளே ஒண்ணு புரிஞ்சிரும்: கடிகாரம் முட்டைக்குள்ள இருக்கு, அலாரம் மட்டும் நம்ம வயித்துக்குள்ள அடிக்கும்.

என் பேரு குமரேசன். வீடு ஸ்ரீரங்கம், வேலை தொட்டியம் ரோட்டுல ஒரு இளம்புழு மையத்துல. முட்டை வரும், பொரிக்க வைப்போம், ஒரு வாரம் தளிர் இலையை நறுக்கிப் போட்டு வளத்து விவசாயிங்க கையில குடுப்போம். அதுக்கப்பறம் கூடு கட்டற வரைக்கும் அவங்க பாடு. கேக்க சுலபமா இருக்குல்ல? வீட்ல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை எழுப்பறவங்க, ஆபீஸ்ல தூங்கற ஃபைலை எழுப்பறவங்க, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஸ்டியரிங் மேல சாஞ்சிருக்கற டிரைவரை எழுப்பிப் பாத்தவங்க, எல்லாரும் கிட்ட வாங்க. நாம ஒரே கட்சி.

எனக்கு இன்னொரு பொழப்பும் உண்டு, மிமிக்ரி. ஜங்ஷன் ரயில் அறிவிப்பு, டோல்கேட் கண்டக்டர், சேவல், எங்க முதலாளியோட இருமல், எல்லாம் வரும். மேடையில எந்த இடத்துல கைதட்டல் வரும்னு அரை செகண்ட் முன்னாடியே எனக்குத் தெரியும். முட்டை எப்ப பொரியும்னு கேட்டீங்கன்னா, மேல படிங்க.

ஒரு ஏக்கர் பந்தயம்

செல்வராணி எங்க மையத்துக்கு வந்தப்போ அவங்க மல்பெரிச் செடி முழங்கால் உயரம்தான் இருந்துச்சு. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல வேலை. காவேரிக் கரையில குடும்பத்து நிலம், தலைமுறை தலைமுறையா வாழை. அதுல ஒரு ஏக்கர் வாழையை எடுத்துட்டு மல்பெரி நட்டிருக்காங்க. நிலத்தைப் பாத்துக்கறது அவங்க கொழுந்தனார் தர்மராஜ். அவரும் கூட வந்திருந்தாரு, கையைக் கட்டிக்கிட்டு, ஜாமீன் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி. அவரு வெச்ச நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. மொத பேட்ச் புழு ஒண்ணா பொறந்து ஒண்ணா கூடு கட்டணும். கொஞ்சம் கோளாறானாலும் மல்பெரியைப் பிடுங்கிட்டு மறுபடி வாழை. வாழைக்கன்னுக்குக்கூட சொல்லி வெச்சாச்சாம்.

நான் செல்வராணிக்கு விளக்கினேன். "முட்டைக்குள்ள ஊசிமுனை மாதிரி ஒரு கருப்புப் புள்ளி தெரியும்மா. அது புழுவோட தலை. அது தெரிஞ்சதும் ரெண்டு நாள் கருப்புத் துணி போத்தி இருட்டுல வெச்சிருவோம். மொதல்ல ரெடியானது வெளிய வராம காத்திருக்கும், பின்தங்கினது வந்து சேந்துக்கும். மூணாம் நாள் விடியக்காலையில துணியை எடுத்தா, வெளிச்சம் பட்டதும் மொத்தமும் ஒண்ணா வரும். அப்படி வரலேன்னா ஒண்ணு தோலுரிக்கத் தூங்கும்போது இன்னொண்ணு சாப்பிடும், ஒண்ணு கூடு கட்டும்போது இன்னொண்ணு இலை கேக்கும், நீங்க ஓஞ்சு போயிருவீங்க." அவங்க ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாங்க. தர்மராஜ் எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டு அண்ணியைப் பாத்து சொன்னாரு: "வாழைக்கன்னை யாரும் துணி போத்தித் தூங்க வெச்சு எழுப்பறதில்ல அண்ணி."

மாமியோட சந்தேகம்

எங்க தெருவுல எதிர்வீட்டு மாமி ரிட்டயர்டு டீச்சர். கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில என்னை மடக்கி, "ஏண்டாப்பா குமரேசா, முட்டை தூங்கறதுங்கறியே, அதெப்படி?"ன்னாங்க. பள்ளிகொண்ட பெருமாள் ஊர்ல தூக்கத்தைப் பத்திப் பேசினா ஜாக்கிரதையா பேசணும். நான் மெதுவா ஆரம்பிச்சேன். "மாமி, இந்த வெள்ளைப் பட்டு ஜாதி குளிர் நாட்டுலேந்து வந்தது. அங்க பனிக்காலத்துல செடியில இலையே இருக்காது. அப்ப பொரிஞ்சா பட்டினிதான். அதனால பனிக்கு முன்னாடி இடற முட்டை பொரியாம தூங்கிரும். பனி வந்து போனப்பறம்தான் முழிக்கும்."

"பனி வரப்போறதுன்னு முட்டைக்கு யார் சொன்னா?"

அங்கதான் எனக்கே எப்பவும் தலை சுத்தும். "முட்டைக்கு யாரும் சொல்லல மாமி, அதோட அம்மாவுக்குத் தெரியும். அம்மா தானே முட்டையா இருந்தப்போ பகல் நீளமா, வெக்கையா இருந்துச்சுன்னா, 'இது கோடை, நான் வளந்து முட்டை இடறதுக்குள்ள குளிர் வந்துரும்'னு அதுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். அவ இடறது தூங்கற முட்டை. பகல் குட்டையா, சில்லுனு இருந்துச்சுன்னா இப்பதான் வசந்தம் ஆரம்பம், தூங்காத முட்டை. நம்ம திருச்சில வருஷம் பூரா வெக்கைதானே? அதனால இங்க எல்லா அம்மாவும் தூங்கற முட்டையா இட்டுட்டுப் போயிருது. அதுங்க வராத பனிக்காகக் காத்துக்கிட்டே கெடக்கும். அதுக்காகத்தான் முட்டை தயார் பண்ற இடத்துல ஒரு நாள் வயசுலயே அளவா ஆசிட் தண்ணியில முக்கி எடுத்துருவாங்க. தூங்கணும்ங்கறதே மறந்துரும். எங்களுக்கு வர்றது அந்த முட்டை." மாமி திரும்பி அவங்க வீட்டைப் பாத்தாங்க. உள்ள அவங்க பையன் தூங்கிட்டு இருந்தான், வீட்லேந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்கறவன். அப்பறம் மெதுவா கேட்டாங்க: "அப்போ என் புள்ளை பத்து மணிக்கு எழுந்துக்கறானே, அதுக்கு நான் முட்டையா இருந்தப்போ பட்ட வெயில்தான் காரணம்ங்கறியா?"

மணப்பாறைக்குப் போன சேவல்

விடியக்காலையில துணியை எடுக்கறப்ப எனக்கு ஒரு கெட்ட பழக்கம், சேவல் மாதிரி கூவுவேன். சும்மா, மாரியாயி அக்காவைச் சிரிக்க வைக்கறதுக்கு. மையத்துல இலை நறுக்கறது, தட்டு கழுவறது எல்லாம் அந்த அக்காதான். ஒரு நாள் மணப்பாறையிலேந்து பெரியசாமின்னு ஒரு விவசாயி பாக்க வந்திருந்தாரு. நான் கூவினேன், துணி போச்சு, வெளிச்சம் வந்துச்சு, முட்டை அட்டை முழுக்க எள்ளுக்குக் கால் முளைச்ச மாதிரி புழு ஓடுச்சு. மனுஷன் வாயில வெச்ச கையை எடுக்கல. "இன்னொரு தடவை கூவுங்க"ன்னு சொல்லி போன்ல பதிவு பண்ணிக்கிட்டாரு. ரசிகர்னு நெனச்சு நாலு தடவை கூவினேன்.

ஒரு மாசம் கழிச்சு முறுக்குப் பொட்டலத்தோட வந்தாரு. வீட்லயே பொரிச்சுக்கறேன்னு வேற எங்கேயோ முட்டை வாங்கியிருக்காரு. கருப்புத் துணி போத்தல. ஜன்னல் ஓரமா வெச்சு, காலையில அஞ்சரை மணிக்கு போன்ல என் கூவலைப் போட்டிருக்காரு. மொத நாள் கொஞ்சம் வந்துச்சாம், மறுநாள் கொஞ்சம், மூணாம் நாள் கொஞ்சம். ஒரே தட்டுல தாத்தா, அப்பா, பேரன் மாதிரி மூணு சைஸ். பேட்ச் கையை விட்டுப் போயிருச்சு. "நான் தப்பா சொல்லல, முறுக்கு சாப்பிடுங்க. ஆனா உங்க சேவல் சரியில்ல. நாலாவது கூவல்ல மூச்சு வாங்குது"ன்னாரு. புழுவுக்குச் சத்தம் கணக்கே இல்ல, இருட்டும் வெளிச்சமும்தான்னு அவருக்கு நான் அரை மணி நேரம் சொன்னேன். அவரு தலையாட்டிட்டு, வேற சேவல் பதிவு இருக்கான்னு கேட்டாரு. அன்னைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த செல்வராணி இதெல்லாம் ஓரமா நின்னு கேட்டுட்டு இருந்தாங்க. மொகம் வெளுத்துப் போச்சு. அவரு கிளம்பினதும் என்கிட்ட வந்து சொன்னாங்க: "எனக்கு நீங்களே பொரிச்சுக் குடுத்துருங்க அண்ணே, ஆனா கூவாதீங்க."

குடிலுக்குள்ள பனிக்காலம்

கைலாசபுரத்துல ஆரோக்கியராஜ் சார்னு ஒருத்தர், ரிட்டயர் ஆகப்போறவர். ரிட்டயர் ஆனப்பறம் பட்டு வளக்கலாமான்னு யோசனை. பாத்துப் படிக்கணும்னு எங்ககிட்ட பத்து கூடு வாங்கிட்டுப் போனாரு. கூட்டுலேந்து அந்துப்பூச்சி வெளிய வந்து, ஜோடி சேந்து, நியூஸ்பேப்பர் மேல கசகசா தூவின மாதிரி முட்டை போட்டுச்சு. ரெண்டு மூணு நாள்ல மஞ்சள் முட்டை சாம்பல் நெறமாச்சு. அப்பறம் ஒண்ணும் ஆகல. பத்து நாள் கழிச்சு போன் பண்ணி, "செத்துப் போச்சா தம்பி?"ன்னாரு. நான் வானிலை அறிக்கை வாசிக்கிறவர் குரல்ல, "முட்டைகள் ஆழ்ந்த உறக்கத்தில் உள்ளன. திருச்சியில் பனிக்காலத்திற்கு வாய்ப்பில்லை. பனிக்காலம் வேண்டுவோர் தங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை அணுகவும்"னேன். நான் விளையாட்டாதான் சொன்னேன். மனுஷன் பேப்பரை நாலா மடிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு மறந்துட்டாரு.

அப்ப செப்டம்பர். மூணு மாசம் கழிச்சு, கிறிஸ்மஸ் கேக்குக்கு இடம் வேணும்னு அவங்க வீட்டம்மா ஸ்டெல்லா டீச்சர் ஃப்ரிட்ஜைத் துடைச்சாங்க. பழைய பேப்பர் ஒண்ணு கெடைச்சுது. குடில் கட்டறதுக்கு மலை மாதிரி கசக்கி வைக்கப் பேப்பர் வேணுமில்ல? வெச்சுட்டாங்க. மேல வைக்கோல், பக்கத்துல சீரியல் பல்பு. முட்டையைப் பொறுத்தவரைக்கும் பனி வந்தாச்சு, போயாச்சு, வசந்தம் பொறந்தாச்சு. பன்னெண்டு பதிமூணு நாள்ல கணக்கா முழிச்சிருச்சு. நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே பாலன் ஏசுவைத் தேடி வந்த மூணு ராஜாக்களோட திருநாள் ஜனவரி ஆறு, அதுக்கு மொத நாள் காலையில எனக்கு போன். இலையை எடுத்துக்கிட்டு ஓடினேன். ஒட்டகம் மேல, ஆட்டுக்குட்டி மேல, சூசையப்பர் தாடியில எல்லாம் புழு. ஆரோக்கியராஜ் சார் பெயிண்ட் பிரஷ்ஷால ஒவ்வொண்ணா தள்ளிட்டிருந்தாரு. டீச்சர் இடுப்புல கை வெச்சு என்னை ஒரு பார்வை பாத்தாங்க: "மூணு ராஜா வர்றதுக்குள்ள மூவாயிரம் பேர் வந்துட்டாங்க தம்பி, இவங்களுக்கு நட்சத்திரம் காட்டினது நீங்கதானே?"

எல்லா ரூமுக்கும் ஒரு அகல்

அந்த ஜனவரி போய், வருஷக் கடைசியில செல்வராணியோட மல்பெரி இலை தயாராச்சு. இந்த வாரம் தவறினா அடுத்த முட்டைக்கு ரொம்ப நாள் ஆகும், அதுக்குள்ள இலை முத்திப் போயிரும். முட்டை வந்துச்சு. ஒரு சாயங்காலம் புள்ளி தெரிஞ்சுது, கருப்புத் துணியைப் போத்தினேன், இருட்டு ரூம் கதவைச் சாத்தினேன். காலண்டரைப் பாக்கல. மறுநாள் திருக்கார்த்திகை.

கார்த்திகைக்கு நம்ம ஊர்ல வாசப்படி, மாடம், மாட்டுக்கொட்டகை, சாணிக்குழி, எதையும் விடாம விளக்கு வைப்பாங்கல்ல. நான் சாயங்காலமே ஸ்ரீரங்கம் பஸ் ஏறிட்டேன். மாரியாயி அக்கா குளிச்சுட்டு வந்து மையத்துல ரூம் ரூமா அகல் வெச்சிருக்காங்க. இருட்டு ரூமுக்கும் ஒண்ணு. அதோட விடல. விளக்கை முட்டைங்களுக்கும் காட்டணும்னு துணியைத் தூக்கி ஸ்டாண்டு மேல போட்டிருக்காங்க. எண்ணெய் தீந்து அகல் அணைஞ்சதும் மறுபடி போத்திட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

மறுநாள் காலையில நான் வந்து பாத்தா, துணிக்கு வெளிய ஒரு புழு நடந்து போகுது. துணிக்குள்ள எட்டிப் பாத்தேன். மூணுல ஒரு பங்கு பொரிஞ்சிருச்சு, ஒரு நாள் முன்னாடியே. மிச்சமெல்லாம் அசையல. துணியை அப்படியே போட்டுட்டு கதவைச் சாத்தினேன். விளக்காலயா? இல்ல, நான் மொத நாள் மங்கல் பல்புல புள்ளியைத் தப்பாப் பாத்துட்டேனா? ஒண்ணும் புரியல. அந்த நேரம் பாத்து மையத்து போன் அடிச்சுது, எடுத்தா தர்மராஜ். பழக்கதோஷம், மாரியாயி அக்கா குரல்லயே பேசிட்டேன். "ஆரு? சார் இன்னும் வரலைங்களே. முட்டையா? அதெல்லாம் நல்லாத் தூங்குதுங்க." தர்மராஜ் ரொம்ப மரியாதையா சொன்னாரு: "சரிங்க அக்கா, ஆனா நான் உங்க கேட்டுலதான் நிக்கிறேன், இங்க இன்னொரு மாரியாயி அக்கா கோலம் போட்டுட்டிருக்காங்க."

கொத்தமல்லிக்குப் பக்கத்துல

தர்மராஜும் செல்வராணியும் உள்ள வந்தாங்க. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, காட்டினேன். தர்மராஜ் குனிஞ்சு பாத்தாரு. "அப்போ ஒண்ணா வரல" அப்படின்னாரு. சண்டைகூட போடல. மாரியாயி அக்கா ஒரு பக்கம், "சாணிக்குழிக்கே விளக்கு வெக்கறோம், பச்சப்புள்ளைங்க இருக்கற ரூமை இருட்டா விடச் சொல்றீங்களா? ஒரு அகல் வெளிச்சத்துல என்ன தெரிஞ்சிரும்?"னு அழ ஆரம்பிச்சாங்க. "அதுங்களுக்கு அது போதும்க்கா"ன்னேன். "அப்ப மிச்சம் ஏன் எந்திரிக்கல? அதுங்க விளக்கைப் பாக்கலையா?"ன்னாங்க. தர்மராஜ் போனை எடுத்து வாழைக்கன்னுக்காரர் நம்பரைத் தேட ஆரம்பிச்சாரு.

செல்வராணி நோட்டைப் புரட்டிட்டிருந்தாங்க. குடில் கதையையும் நான் சொன்னப்ப அதுல எழுதி வெச்சிருக்காங்க. "அண்ணே, டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜ்ல மூணு மாசம் காத்திருந்துச்சே, இது ஒரு நாள் காத்திருக்காதா?" நான் வாயைத் தொறந்தேன். அது முட்டை, இது புழு. அது கணக்குப் போட்டுத் தூங்கினது, இது குளிர்ல விறைச்சு நிக்கப் போறது, ரெண்டும் வேறன்னு சொல்ல வந்தேன். அப்பதான் எனக்கே பயிற்சியில சொன்னது ஞாபகம் வந்துச்சு. முந்தி வந்ததை ஒரு நாள் பட்டினியா, சில்லுனு வெக்கலாம், தப்பில்லன்னு. பயிற்சி எடுத்தவன் நான், ஞாபகப்படுத்தினது அவங்க. வந்த புழுவை எல்லாம் பேப்பரோட எடுத்து, மையத்து ஃப்ரிட்ஜ்ல மாரியாயி அக்காவோட கொத்தமல்லிக் கட்டுக்கும் தயிருக்கும் நடுவுல வெச்சோம். மிச்ச முட்டைக்கு ரெட்டைத் துணி போத்தினோம். அக்கா கையிலேந்து தீப்பெட்டியை வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன். தர்மராஜ், நாளைக்குக் காலையில பாத்துட்டுக் கன்னுக்காரருக்குப் பேசறேன்னு போனை உள்ள வெச்சாரு.

மறுநாள் விடியறப்ப நாலு பேரும் இருட்டு ரூம்ல. துணியை எடுத்தேன். தொண்டை வரைக்கும் கூவல் வந்துச்சு, செல்வராணி ஒரு பார்வை பாத்தாங்க, முழுங்கிட்டேன். ஒண்ணும் அசையல. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். தர்மராஜ் தொண்டையைச் செருமினாரு. அப்பறம் அட்டை ஓரத்துல ஒண்ணு தலையை நீட்டுச்சு. பக்கத்துல ரெண்டு. அவ்வளவுதான், மழை பெஞ்ச புத்துல ஈசல் வர்ற மாதிரி அட்டை முழுக்க வந்துருச்சு. ஓடிப்போய் ஃப்ரிட்ஜ்ல இருந்ததை எடுத்துட்டு வந்தேன். கட்டையா கெடந்துச்சு. செல்வராணி அதைக் கையில வாங்கி மூச்சுகூட விடாம நின்னாங்க. கொஞ்ச நேரத்துல ஒண்ணொண்ணா நெளிஞ்சுது. எல்லாத்தையும் ஒரே தட்டுல விட்டு இலை தூவினோம். தர்மராஜ் மூக்கு தட்டுல இடிக்கற அளவுக்குக் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. நிமிரும்போது குழம்பிப் போயிருந்தாரு: "அண்ணி, எது நேத்து வந்தது, எது இன்னைக்கு வந்ததுன்னு தெரியலையே?"

அடுத்த கார்த்திகை

அந்த பேட்ச் ஒண்ணா தூங்கி, ஒண்ணா தின்னு, ஒண்ணா கூடு கட்டுச்சு. மல்பெரி நின்னுச்சு. சொல்லி வெச்ச வாழைக்கன்னு தர்மராஜோட இன்னொரு வயலுக்குப் போயிருச்சு. அகல் விளக்காலதான் முந்தி வந்துச்சா, நான் புள்ளியைத் தப்பாப் பாத்தேனா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மாரியாயி அக்காவைக் கேட்டா, முந்தி வந்ததெல்லாம் பக்தி உள்ள புழுன்னு சொல்றாங்க.

அடுத்த வருஷம் கார்த்திகைக்கு மறுபடி செல்வராணியோட முட்டை துணிக்குள்ள இருந்துச்சு. சாயங்காலம் நான் பூட்டை எடுத்துக்கிட்டு இருட்டு ரூம் பக்கம் போனா, கதவுக்குக் குறுக்க ஒரு பிளாஸ்டிக் சேர். அதுல தர்மராஜ், கையைக் கட்டிக்கிட்டு, அதே ஜாமீன்காரர் தோரணை. எதிர்ல மாரியாயி அக்கா தட்டு நெறைய அகலோட. அவரு குரலைத் தாழ்த்தி, கதவைக் கண்ணாலயே காட்டி சொன்னாரு: "அக்கா, சாணிக்குழிக்கு வேணா ரெண்டா வெச்சுக்குங்க, இங்க வேணாம், எங்க புள்ளைங்க தூங்குது."

எந்த ஊர்க் குரலையும் எடுத்துக் காட்டிருவேன்னு மார்தட்டிக்கிட்டிருந்த நான், காதே இல்லாத ஒரு கசகசா சைஸ் முட்டைகிட்ட கத்துக்கிட்டது, வாயை மூடிக்கிட்டு விளக்கை அணைச்சாலே பாதி வேலை முடிஞ்சிரும்ங்கறதுதான்.